பெட்டியைக் கழற்றாதீர்கள், அண்ணி

அன்பும் மரியாதையும் குறையாத அண்ணிக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் அண்ணன் என் எதிரில், என் வீட்டு நாற்காலியில், என் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, என் வீட்டு இணைய இணைப்பில் யாரோ முகம் தெரியாத ஆளோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார். சௌக்கியம்தான், கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நீங்களும் சௌக்கியம் என்பது தெரியும். நேற்று மாலை உங்கள் மாடிப்படியில் நின்று நீங்கள் என்னைப் பேசிய பேச்சில், குரலிலோ மூச்சிலோ எந்தக் குறையும் தெரியவில்லை. எனவே நலம் விசாரிப்பதை இங்கே நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்யலாம். ஆனால் உங்கள் கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் எல்லோரும் வீட்டு இணைய இணைப்பு வழியாகத்தான் போனே பேசுகிறீர்கள். அந்த இணைப்பு நின்றுபோனதற்குக் காரணம் நான் செய்த பெட்டி. பெட்டியைக் கழற்றாதீர்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போன் செய்தால், அந்தப் பெட்டியாலேயே போன் வந்து சேராது. சரி, நேரில் வரலாம்தான். ஆனால் நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். காகிதத்தில்தான் நான் பேசி நீங்கள் கேட்க முடியும். ஆட்டம் முடிந்ததும் அண்ணன் இதை எடுத்து வருவார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாளை, வியாழக்கிழமை காலை, ஸ்குரூடிரைவரோடு ஆள் வருகிறான், இந்தச் சோப்பு டப்பாவைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய பெட்டியையே மாட்டச் சொல்லிவிட்டேன் என்று நேற்று சொன்னீர்கள். அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் மேனேஜர் உங்கள் படிக்கட்டுக்கே வந்து பார்க்கப் போகிறார். அவர் வந்து பார்க்கும்போது அந்தப் பெட்டி அந்தச் சுவரில் இருக்க வேண்டும். அதில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்ற மாட்டேன். இது என் முடிவு. கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நேற்றுக் கூட்டத்தில் கீழ்வீட்டுக் கணக்காளர் அதை ஃப்யூஸ் என்றார், மேல்மாடி வயலின் டீச்சர் மீட்டர் என்றார், நீங்கள் சொன்னதை மேலேயே எழுதிவிட்டேன். தெருவிலிருந்து உங்கள் கட்டடத்துக்குள் ஒரு கறுப்புக் கேபிள் வருகிறது. அதற்குள் இருப்பவை தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகள். அவற்றில் ஓடுவது கரண்ட் இல்லை, வெளிச்சம். படிக்கட்டுச் சுவரில் அந்த இழைகளும் உங்கள் வீடுகளுக்குப் போகிற இழைகளும் சந்தித்துக்கொள்ள வேண்டும். சந்திக்கிற முனையில் ஆளுக்கொரு தலை. அதற்குப் பேர் கனெக்டர். இரண்டு தலைக்கும் நடுவே ஒரு தூசு விழுந்தால் வெளிச்சத்துக்கு அது மலை. இழையை ரொம்ப வளைத்தால் வளைவிலேயே வெளிச்சம் கசிந்து வெளியே போய்விடும். இழுத்தால் அறுந்துவிடும். ஆக, தூசு படக் கூடாது, மடங்கக் கூடாது, இழுபடக் கூடாது, அதே சமயம் கேபிள்காரர் வந்தால் சட்டென்று திறந்து கழற்றி மாட்டவும் வரவேண்டும். பன்னிரண்டு கோபக்காரர்களை ஒரே அறையில், ஒருத்தர் கால் இன்னொருத்தர் மேல் படாமல் படுக்க வைப்பது மாதிரியான வேலை. அதைத்தான் நான் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவ ஏதோ பிளாஸ்டிக் கம்பெனியில இருக்கா" என்று சொல்வீர்களே, அந்த ஏதோ இதுதான்.

இதை ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்தாய் என்று நேற்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். அண்ணி, நீங்களா இதைக் கேட்பது? உங்கள் புதுச் சோபா வந்த நாளை நினைத்துப் பாருங்கள். முதல் மாடித் திருப்பத்தில் பழைய பெட்டி சூட்கேஸ் மாதிரி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. சோபா அதில் இடித்துக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அந்தரத்தில் நின்றது. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் அண்ணன். நீங்கள் உங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தருகிற மாதிரி மேல்படியில் நின்று விசில் ஊதி, "இடது பக்கம்! உங்க இடது இல்லை, சோபாவோட இடது!" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் உள்ளேயிருந்து, "எனக்கு மூச்சு இருக்கு, நீங்க நிதானமா யோசிங்க" என்றார். கடைசியில் சோபாவின் ஒரு காலை அறுத்துத்தானே வீட்டுக்குள் கொண்டுபோனோம்? அன்றைக்கு நீங்கள் மூச்சிரைக்கப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னது இது: "உள்ளே வெறும் நூல்தானே இருக்கு, இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய பெட்டி? நீ படிச்சவதானே, சின்னதா ஒண்ணு பண்ணிக் கொடேன்." அந்தப் பெட்டி உங்கள் வாயிலிருந்து பிறந்தது அண்ணி. நான் பெற்றேன், அவ்வளவுதான்.

மறுநாளே அலுவலகத்தில் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் மேனேஜருக்குச் சின்னப் பெட்டி என்றாலே பிடிக்காது. பெட்டி பெரிசாக இருந்தால்தான் மேலே கம்பெனிப் பேரைப் பெரிசாகப் போடலாம் என்பது அவருடைய கொள்கை. "மேடம், சின்னதா இருந்தா வாங்கறவன் இவ்வளவுதானான்னு நினைப்பான்" என்பார். நான் விடவில்லை. பன்னிரண்டு கனெக்டரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், சினிமாக் கொட்டகை நாற்காலி மாதிரி முன்வரிசை தாழ்ந்தும் பின்வரிசை உயர்ந்தும் இரண்டு வரிசையாக வைத்தேன். மிச்ச இழை சுருண்டு படுக்க அடியில் ஒரு தட்டு. ஓரமெல்லாம் ரப்பர் பட்டை, தூசு நுழைய வழியில்லை. மொத்தத்தில் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் இரண்டை அடுக்கி வைத்த அளவு. மேனேஜர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்காததால், "எங்கேயாவது ஒரு கட்டடத்தில மாட்டிக் காட்டுங்க, ஒழுங்கா ஓடினா வெள்ளிக்கிழமை நானே வந்து பார்த்துச் சரின்னு சொல்றேன். இல்லைன்னா பெரிய பெட்டியே போதும், சின்னப் பெட்டிப் பிரிவை மூடிடலாம்" என்றார். மூடினால் என்னை எங்கே போடுவார் என்றும் சொல்லிவிட்டார். பெரிய பெட்டியோடு ஒரு காகிதம் மடித்து வைப்பார்களே, திறப்பது எப்படி, மூடுவது எப்படி என்று, அதை எழுதுகிற வேலைக்கு.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் உடனே சரியென்று சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. மாட்டிய அன்று பன்னிரண்டு வீட்டிலும் இணைப்பு ஓடியது. நீங்களே எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தீர்கள். வயலின் டீச்சரிடம் நீங்கள், "என் நாத்தனார் செஞ்சது" என்று சொன்னது படி இறங்கிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. பிளாஸ்டிக் கம்பெனி என்று சொல்லவில்லை, ஏதோ என்றும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது, நான் கீழ்ப்படியில் செருப்பு மாட்டுகிற சாக்கில் இன்னொரு தரம் சொல்வீர்களா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததற்குப் பெட்டி பொறுப்பில்லை. வயலின் டீச்சர் தன் கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றினார். அவர் வீட்டு இழையைக் கழற்றி வேறு இழை மாட்டக் கேபிள்காரர் வந்தார். கனெக்டரின் முதுகில் சின்னதாக ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் வந்துவிடும். "மேடம், இதெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவேன்" என்று என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினார் என்று நினைக்கிறேன். அவர் விரல் ஒவ்வொன்றும் டார்ச் லைட் பருமன். ஒரு தாழ்ப்பாளை அழுத்தினால் பக்கத்திலிருக்கிற இரண்டும் சேர்ந்து அழுந்தும். அழுந்திய கனெக்டர் விழாது, நூலளவு பின்னால் நகர்ந்து நிற்கும். பார்த்தால் மாட்டியிருப்பது போலவேதான் இருக்கும், வெளிச்சம் மட்டும் போகாது. இப்படி வயலின் டீச்சருக்கு இணைப்பு வந்தது, கணக்காளருக்குப் போனது. கணக்காளர் கூப்பிட, கேபிள்காரர் வந்து அவருக்குக் கொடுத்தார், உங்களுக்குப் போனது. நீங்கள் கூப்பிட்டு விசில் ஊதியதும் உங்களுக்குக் கொடுத்தார், வயலின் டீச்சருக்குப் போனது. மூன்று வீட்டுக்கு இரண்டு இணைப்பு என்று ஆகிவிட்டது, யாராவது ஒருத்தர் எப்போதும் வெளியே நிற்க வேண்டும், நாற்காலி விளையாட்டு மாதிரி. வயலின் டீச்சர் கடல் தாண்டி இருக்கிற மாணவிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது வில்லைத் தூக்கியபடி அப்படியே திரையில் உறைந்துவிட்டாராம். அந்தப் பெண் அதுவும் பாடம் என்று நினைத்துத் தானும் வில்லைத் தூக்கிக்கொண்டு கை கடுக்க நின்றிருக்கிறாள்.

அப்புறம்தான் சண்டை. கணக்காளர் மேலே ஏறி வந்து, "நீங்க வாசிக்க ஆரம்பிச்சா என் வீட்ல நின்னுடுது, எங்க லைனை நீங்க இழுத்துக்கறீங்க" என்றார். வயலின் டீச்சர், "உங்க லைனை எடுத்து நான் என்ன சார் பண்றது, தந்தியா கட்டி வாசிக்கப் போறேனா?" என்றார். ஆளாளுக்கு யாரும் பார்க்காதபோது பெட்டியைத் திறந்து தன் வீட்டு இழையை அழுத்திவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அக்கம்பக்கத்தில் இரண்டு போகும். நேற்று நான் வந்து பார்த்தபோது பன்னிரண்டில் மூன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்றும் ஊருக்குப் போய்ப் பூட்டியிருக்கிற வீடு.

நேற்றுக் கூட்டத்தை மறுபடி விவரிக்கத் தேவையில்லை, நீங்கள்தான் நடத்தினீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"வாங்க நாத்தனாரே, விஞ்ஞானி. உங்க டப்பாவுக்குள்ள உங்க கையை விட்டுக் காட்டுங்க பார்ப்போம்" என்றீர்கள்.

விட்டுக் காட்டினேன். கை நுழைந்தது. வெளியே வர மட்டும் கொஞ்சம் யோசித்தது. விரல் முட்டியில் தோல் உரிந்ததை நான் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"எந்தக் குழந்தை கையை வச்சும்மா இதை அளந்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். கணக்காளர் இரண்டு தரம் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் விறுவிறுவென்று படியிறங்கி வந்துவிட்டேன். நான் அளந்தது குழந்தை கை இல்லை அண்ணி, என் கை. எங்கள் அலுவலகத்தில் கைராசி என்று ஒரு கை இருக்கிறது. எந்தப் பெட்டி செய்தாலும் ஆள் விரல் உள்ளே போய் வேலை செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டுமில்லையா, அதற்காக வருஷக்கணக்குக்கு முன்னால் என் வலது கையை அச்செடுத்து ரப்பரில் வார்த்து வைத்திருக்கிறோம். விரலுக்குள்ளே கம்பி உண்டு, மடக்கலாம், நீட்டலாம். ரொம்ப நேரம் அசையாமல் உட்காரக்கூடியவள் நான்தான் என்பதால் என் கையைத் தேர்ந்தெடுத்தார்கள். கைராசி நுழைந்தால் பெட்டி பாஸ். இதுவரை எந்தப் பெட்டியும் கைராசியிடம் தோற்றதில்லை. அதனால்தான் அந்தப் பேரே வைத்தோம்.

இன்றைக்கு அலுவலகம் போனதும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து கைராசியை எடுத்தேன். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். அதன் உள்ளங்கை மேல் என் உள்ளங்கையை வைத்தேன். அண்ணி, என் விரல் நுனி அதைத் தாண்டிக்கொண்டு போய் நின்றது. ஒவ்வொரு பக்கமும் என் கை வெளியே தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. என் கை வளர்ந்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், படித்தவள் யோசிக்கிற யோசனையா அது. அப்புறம் அச்சுப்பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். பல் டாக்டர்கள் அச்செடுக்கிற பசை மாதிரி ஒன்றில்தான் என் கையை அழுத்தினார்களாம். அது ஈரமாக இருக்கும்போதே வார்த்துவிட வேண்டும், காய்ந்தால் சுருங்கிவிடும். அன்றைக்குச் சாயங்காலம் வார்க்க ரப்பர் இல்லை, அடுத்து விடுமுறை. திரும்பி வந்து வார்த்தார்கள். "கொஞ்சம் சுருங்கியிருக்கும் மேடம், சொல்லணும்னுதான் இருந்தேன்" என்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பிழைப்பே சுருக்கத்தில்தான் ஓடுகிறது. பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அச்சை அந்த அளவு பெரிசாக வெட்டுகிறோம். இந்தக் கணக்கை நான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தருகிறேன். வகுப்பில் என் பக்கத்து மேஜையில் கைராசி இருக்கும். எங்களில் ஒருத்தருக்கும், சுருங்குகிறது பெட்டி மட்டுமில்லை, அளக்கிற கையும் சுருங்கும் என்று தோன்றவேயில்லை.

ஆகவே நீங்கள் சொன்னது உண்மை. குழந்தை கையை வைத்துத்தான் அளந்திருக்கிறேன். ஆனால் இதிலிருந்து என்ன தெரிகிறது? தப்பு கையில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. பெட்டி அந்தக் கைக்கு அச்சாகப் பொருந்துகிறது. என்னிடம் கொடுத்த கைக்குத்தானே நான் பெட்டி செய்ய முடியும்? எனவே பெட்டியை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, திறக்கிற ஆளை மாற்றினால் போதும். வெள்ளிக்கிழமைவரை யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் நான் வந்து, சமையலறை இடுக்கியால் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டுப் போகிறேன். எல்லா வீட்டிலும் ஓடும். கேபிள்காரரைத் தெருவுக்குள்ளேயே விடாதீர்கள். கணக்காளர் பெட்டிப் பக்கம் போனால் விசில் ஊதுங்கள். வேண்டுமானால் அதன் முன்னால் ஒரு நாற்காலி போட்டு நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். மேனேஜர் வந்து திறந்து பார்ப்பார், வீட்டுக்கு வீடு மோடத்தில் பச்சை விளக்கு எரியும், சரியென்பார், போய்விடுவார். அவர் விரல் எப்படியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை. அதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு பிடிவாதம் எதுக்குடின்னு கேப்பீங்க. நானே என்னைக் கேட்டுப் பாத்துட்டேன் அண்ணி. சின்ன வயசுல எங்க வீட்ல ஒரே ஒரு பீரோ. அண்ணனுக்கு ரெண்டு தட்டு, எனக்கு அரைத் தட்டு. அந்த அரைத் தட்டுல நான் எல்லாத்தையும் அடுக்கி, அதுக்குமேல கொஞ்சம் இடமும் மிச்சம் வச்சிருப்பேன். வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் அம்மா அதைத் திறந்து காட்டுவாங்க. ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம்ல அஞ்சாவது ஆளா இருந்தேன். இப்ப ஆபீஸ்ல என் மேஜை ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஸ்டோர் ரூம் கதவுக்கும் நடுவுல இருக்கு. யாராவது மெஷின் மூடியைத் திறந்தா நான் தலையைக் குனியணும். குனிஞ்சு குனிஞ்சு, இப்பல்லாம் சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே குனிஞ்சிடறேன். "உங்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் அடங்கிடுவீங்க மேடம்" அப்படிம்பாங்க. அதைப் பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, இருக்கிற இடத்துக்குள்ள இடிக்காம அடங்கறது. அந்த வித்தையை முதல் தடவையா ஒரு பொருளாப் பண்ணி சுவத்துல மாட்டியிருக்கேன், அதுவும் உங்க சுவத்துல. அதைப் பெரிசு பண்ணுன்னு சொன்னா எனக்கு என்னவோ பண்ணுது. நீங்க உள்ளே நுழைஞ்சா ரூமே நிறைஞ்சிடும் அண்ணி, குறையாச் சொல்லலை, உங்களுக்கு இது புரியறது கஷ்டம். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியதாப் போச்சு.

மேலே பேச்சு நடை வந்துவிட்டது, மன்னிக்கவும். முடிவாகச் சொல்கிறேன். பெட்டி மாறாது. சுவரை விட்டு இறங்காது. நீங்கள் கழற்றினால் நான் வந்து மாட்டுவேன், மறுபடி கழற்றினால் மறுபடி மாட்டுவேன். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு நீங்கள் வந்த நாளிலிருந்து நான் உங்களிடம் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. சேர்த்து வைத்த அத்தனை இல்லையையும் இந்த ஒரு பெட்டிக்காகச் செலவு செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? மைதானத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள். வயலின் டீச்சருக்கு என் வணக்கமும் வருத்தமும் சொல்லவும். கணக்காளருக்கு வணக்கம் மட்டும் போதும். உங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், சோபா உட்பட எல்லாம் சமமாக நிற்கட்டும் என்ற வேண்டுதலோடு,

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய (நேற்று தவிர)
நாத்தனார்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். ஓரம் கிழிந்திருப்பது அதனால்தான்.

நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் ஆட்டத்தில் தோற்றிருக்கிறார். சும்மா இருக்க முடியாமல், வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் கையில் கொடுப்பதற்காகச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்த இன்னொரு பெட்டியைத் திறந்து, ஒரு கனெக்டரை இழுத்துப் பார்த்திருக்கிறார். நான் உறையை நக்கி ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், அண்ணன் கை பெட்டியோடு மடியில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் முட்டியோடு மாட்டிக்கொண்டது. சோப்பு போட்டோம், எண்ணெய் விட்டோம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தோம். விரல் சிவந்து, அப்புறம் கறுக்க ஆரம்பித்தது. இவர் போய் ரம்பத்தை எடுத்து வந்தார்.

அப்போது அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். "அறுக்காதேம்மா. வெள்ளிக்கிழமை உனக்கு இது வேணுமே. ரெண்டு நாள்தானே, நான் இப்படியே இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை" என்றார்.

நிஜமாகவே சொன்னார் அண்ணி. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று சொன்ன அதே முகம். ஒரே பீரோவில் வளர்ந்த நாங்கள் இருவருமே இப்படித்தான் ஆகிவிட்டோம் போலிருக்கிறது. எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "கையைக் கொண்டா இங்கே!" என்று நான் போட்ட சத்தம், உங்கள் சத்தம் மாதிரியே இருந்தது என்று இவர் சொல்கிறார். ரம்பத்தை வாங்கி நானே அறுத்தேன், இரண்டு வரிசைக்கும் நடுவில், நேராக. விரல் வந்துவிட்டது. பெட்டி இரண்டாகிவிட்டது.

இரண்டு துண்டையும் மேஜையில் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு விரல் அகலம் விட்டால் போதும், என் கை போகிறது, இவர் கை போகிறது, கனெக்டர் ஒன்றே ஒன்று மட்டும் வருகிறது, பக்கத்தில் எதுவும் அசையவில்லை. அப்படியும் அது பழைய சூட்கேஸில் கால்வாசிகூட இல்லை.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நாளை காலை வருகிற ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவனே பெட்டியைக் கழற்றட்டும், பழையதையே மாட்டட்டும், எல்லோரும் போன் பேசட்டும். இடுக்கியோடு நான் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மேனேஜரைக் கட்டாயம் உங்கள் படிக்கட்டுக்குத்தான் அழைத்து வருவேன். அறுத்த பெட்டியை அறுத்தபடியே அவர் கையில் கொடுத்து, ஏன் அறுத்தேன் என்றும் எவ்வளவு இடம் வேண்டும் என்றும் சொல்லப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. நான் என்ன சொல்வேன் என்று தெரியும். நீங்கள் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும். விசிலும் இருக்கட்டும்.

இன்னொன்று. கைராசியை நாளைக்குத் தூக்கிப் போட்டுவிடுவேன். புதுக் கை வார்க்க வேண்டும். பந்தை ஒரே கையில் பிடிக்கிற வலது கை ஒன்று எனக்குத் தெரியும். பசை ஈரமாக இருக்கும்போதே வார்த்துவிடுவோம், அதற்கு நான் பொறுப்பு. நீங்கள் கால்மணி நேரம் அசையாமல், பேசாமல் உட்கார வேண்டும். முடியாது என்று தெரியும். பேசிக்கொண்டே இருங்கள், கையை மட்டும் ஆட்டாதீர்கள்.

அண்ணன் விரலுக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் வலிக்கவில்லை என்பார். நம்பாதீர்கள், மருந்து போடுங்கள்.